இளவேனிலில் ஆறேறும் மீன்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு உயிரியலில் எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்று துறையினர் சொன்னார்கள். நான் சால்மனை எடுத்துக்கொண்டேன். அது நம் ஆறுகளில் இல்லாத மீன். வட பசிபிக், வட அட்லாண்டிக் கரைகளில் உள்ள குளிர்ந்த ஆறுகளில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிடும் மீன். நமக்கும் அதற்கும் உள்ள உறவு நீலகிரியில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் சால்மன் குடும்பத்து மீன்தான். அதே இனம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடலுக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டீல்ஹெட் என்று பெயர் பெறுகிறது. இன்றைய பேச்சில் அந்த ஸ்டீல்ஹெட்டும் வரும்.

மரபியல் என்றால் ஆய்வுக்கூடத்துக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவது என்று நம் மாணவர்களில் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு மரபணுவைக் கண்டறிந்ததால் ஓர் ஆற்றைப் பற்றியும் ஓர் அணையைப் பற்றியும் ஒரு சட்டத்தைப் பற்றியும் மனிதர்கள் பேசிய பேச்சு மாறியிருக்கிறது. அந்த ஆற்றின் பெயர் கிளாமத். என் நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே செலவிடப் போகிறேன்.

முதலில் மீனின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் சால்மன் ஆற்றின் சரளைக்கல் படுகையில் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் ஓங்கி அடித்துக் குழி பறிக்கிறது. ஆயிரக்கணக்கான முட்டைகளை அதில் இடுகிறது. ஆண் விந்துநீரைப் பாய்ச்சியதும் பெண் மேற்புறம் நகர்ந்து மறுபடி கல்லைக் கிளறி அந்தக் குழியை மூடுகிறது. கற்களுக்கிடையே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு உயிர்க்காற்று கிடைக்கும். பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்ட சில நாட்களில் இறந்துவிடுகின்றன. குஞ்சுகள் ஆற்றில் சில மாதமோ ஓராண்டோ இருந்துவிட்டுக் கடலுக்குப் போகின்றன. ஓரிரண்டு ஆண்டிலிருந்து நான்கைந்து ஆண்டுவரை கடலில் தின்று கொழுத்து, பின்னர் திரும்புகின்றன.

திரும்பும் வழியை எப்படி அறிகின்றன? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் 1950-களில் விடையைக் கண்டார். குஞ்சாக இருந்தபோது நுகர்ந்த ஓடையின் மணம் அந்த மீனின் நினைவில் பதிந்துவிடுகிறது. கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்ததும் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு கிளையாறு கிளையாறாக ஏறுகிறது. வழி தவறி வேறு ஆற்றுக்குப் போகிறவையும் உண்டு. ஆனால் அவை சிறுபான்மை. மரபியலுக்கு இதன் பொருள் மிகப் பெரியது. ஒரே ஓடையில் பிறந்தவை அதே ஓடையில் கூடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு தனிக் கால்வழி உருவாகிவிடுகிறது. அந்த ஓடையின் வெப்பம், வெள்ளம் வரும் மாதம், கூழாங்கல்லின் பருமன், அருவியின் உயரம் எல்லாம் அந்தக் கால்வழியைச் செதுக்குகின்றன. கடலில் ஒன்றாகத் திரியும் சால்மன்களைப் பார்த்து ஒரே கூட்டம் என்று நாம் நினைக்கலாம். உண்மையில் அவை நூற்றுக்கணக்கான ஊர்க்காரர்கள்.

கிளாமத் ஆறு ஓரிகன் மாநிலத்தில் தோன்றி வட கலிபோர்னியா வழியாகப் பசிபிக்கில் கலக்கிறது. முகத்துவாரத்தில் யூரோக் மக்கள், அதற்கு மேலே கரூக் மக்கள், டிரினிட்டி என்னும் கிளையாற்றில் ஹூப்பா மக்கள், தலைப்பகுதியில் கிளாமத் பழங்குடியினர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா, சேக்ரமெண்டோ ஆறுகளுக்கு அடுத்தபடி சால்மன் மிகுந்த ஆறு என்று இதைச் சொல்வார்கள்.

இந்த ஆற்றில் சினூக் சால்மன் இரண்டு பருவங்களில் ஏறுகிறது. மலைப்பனி உருகி ஆறு நிறைந்து ஓடும் இளவேனிலில் ஒரு கூட்டம் வருகிறது. அப்போது அவற்றின் உடல் முழுக்கக் கொழுப்பு; சினை இன்னும் முற்றவில்லை. வெள்ளத்தின் துணையோடு மற்ற மீன்கள் எட்ட முடியாத மேல் ஓடைகள்வரை போய், ஆழமான குளிர்ந்த மடுக்களில் கோடை முழுவதும் இரை தொடாமல் காத்திருந்து, இலையுதிர்காலத்தில் முட்டையிடுகின்றன. இரண்டாவது கூட்டம் இலையுதிர்காலத்தில், சினை முற்றிய நிலையில் வந்து, ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உடனே முட்டையிட்டு முடித்துவிடுகிறது. நம் வயலோடு பொருத்திச் சொன்னால், ஒரே நிலத்தில் குறுவையும் சம்பாவும்போல.

குளிர்காலச் சேமிப்பு தீரும் நேரத்தில் வருவது இளவேனில் மீன். அதனால் ஆற்றோரப் பழங்குடி மக்கள் ஆண்டின் முதல் சால்மனை வரவேற்கும் சடங்கை அதற்கே செய்தார்கள். வணிகச் சந்தைக்கும் அதுவே பிடித்த மீன். அவ்வளவு கொழுப்பும் சுவையும். கிளாமத்தில் ஒருகாலத்தில் இலையுதிர்கால மீனைவிட இதுவே மிகுதியாக இருந்தது.

பிறகு அணைகள் வந்தன. சுரங்கம் தோண்டியவர்களும் மரம் வெட்டியவர்களும் ஏற்கெனவே ஆற்றைச் சேதப்படுத்தியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960-கள்வரை காப்கோ ஒன்று, காப்கோ இரண்டு, ஜே. சி. பாயில், அயர்ன் கேட் என்று நான்கு மின்சார அணைகள் எழுந்தன. மேல் ஆறு முழுவதும் அடைபட்டது. மேல் ஆறு யாருக்கு வேண்டியது? இளவேனில் மீனுக்கு. அதனால் அடியும் அதற்கே அதிகம் விழுந்தது. அணையால் வந்த இழப்பை ஈடுகட்ட அயர்ன் கேட் அருகே ஒரு மீன் குஞ்சு பொரிப்பகம் கட்டி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குஞ்சுகளை விட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இலையுதிர்கால வகை. சால்மன் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு ஆற்றில் மீன் இருப்பதாகவே தெரிந்தது.

2011-இல் இந்த ஆற்றின் சினூக்குக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு ஒரு மனு போனது. அமெரிக்காவின் அழியும் உயிரினச் சட்டம் 1973-இல் வந்தது. ஓர் இனம் முழுவதும் அழிய வேண்டியதில்லை, அதில் தனித்த பரிணாமப் பாரம்பரியம் உள்ள ஒரு பிரிவு அழிந்தாலே சட்டம் தலையிடலாம் என்பது சால்மனுக்காக 1991-இல் வகுத்த கொள்கை. மிக நல்ல கொள்கை. ஆனால் பிரிவுகளை எப்படி வகுத்தார்கள்? மரபணுத்தொகுதி முழுவதிலும் சராசரியாக எவ்வளவு வேறுபாடு என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் கிளாமத்தின் இளவேனில் மீனுக்கு மிக நெருங்கிய சொந்தம் கிளாமத்தின் இலையுதிர்கால மீன். வேறு ஆற்றின் இளவேனில் மீன் தூரத்து உறவு. ஆகவே இரண்டும் ஒரே பிரிவு என்று முடிவானது. 2012-இல் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. அந்த முடிவுக்குப் பின்னால் பேசப்படாத ஓர் ஊகமும் இருந்தது. ஒவ்வோர் ஆற்றிலும் இளவேனில் வழக்கம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. எனவே இங்கே அழிந்தாலும் இலையுதிர்கால மீனிலிருந்து அது மறுபடி தோன்றிவிடும்.

அந்த ஊகம் 2017-இல் உடைந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மைக்கேல் மில்லர் குழுவினர், பல ஆறுகளிலிருந்து ஸ்டீல்ஹெட், சினூக் இரண்டின் மாதிரிகளையும் திரட்டி, முந்தி வருபவை, பிந்தி வருபவை எனப் பிரித்து மரபணுத்தொகுதியை நெடுகிலும் ஒப்பிட்டார்கள். மற்ற இடமெல்லாம் ஆற்றுக்கு ஆறு வேறுபாடு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பருவத்துக்குப் பருவம் வேறுபாடு. கிரெப்1எல் என்னும் மரபணுவை ஒட்டிய பகுதி அது. எந்த ஆற்றிலிருந்து எடுத்தாலும் முந்தி வரும் மீன்கள் அங்கே ஒரு வடிவத்தையும், பிந்தி வருபவை இன்னொரு வடிவத்தையும் வைத்திருந்தன. அதோடு, முந்தி வரும் வடிவம் ஒவ்வோர் இனத்திலும் ஒரே ஒரு தடவைதான் தோன்றியிருக்கிறது. அங்கிருந்து வழி தவறிப் போன மீன்கள் வழியாக மற்ற ஆறுகளுக்குப் பரவியிருக்கிறது.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தனித்தனியே பலமுறை தோன்றிய பண்பு என்றால் மறுபடியும் தோன்றும் என்று நம்பலாம். நெடுங்காலத்துக்கு முன் ஒரே ஒருமுறை தோன்றியது என்றால், அதை இழந்த பிறகு மனிதர் எண்ணும் காலக்கணக்குக்குள் அது திரும்பாது.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழும். இலையுதிர்கால மீன்களிலேயே சிலவற்றில் அந்த வடிவம் ஒற்றைப் பிரதியாக மறைந்து இருக்கலாமே, பிறகு வெளிப்படலாமே? ஒடுங்கு பண்பாக இருந்தால் அப்படி மறைந்திருக்க முடியும். இது அப்படி மறைவதில்லை. தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து இன்னொன்றும் பெற்ற மீன் இடைப்பட்ட காலத்தில் ஆற்றுக்கு வருகிறது. ஒற்றைப் பிரதியே வெளியே தெரிந்துவிடுகிறது. ஆகவே இயற்கைத் தேர்வு அதையும் பார்த்துவிடுகிறது. முந்தி வருவது ஓர் ஆற்றில் கேடாகிவிட்டால், ஒற்றைப் பிரதி வைத்திருக்கும் மீனுக்கும் அந்தக் கேட்டில் பங்கு உண்டு.

2019-இல் அதே குழுவினர் இதை ஆற்றிலேயே காட்டினார்கள். ஓரிகனின் ரோக் ஆற்றில் 1977-இல் லாஸ்ட் கிரீக் அணை வந்தது. அதன் பிறகு மீன் வரும் காலம் பிந்திக்கொண்டே போனது. மரபணுவைப் பார்த்தபோது அந்த நகர்வு கிரெப்1எல் பகுதியில் நடந்த தேர்வோடு பொருந்தியது. சில பத்தாண்டுகளில், நம் கண்ணெதிரே நடந்த பரிணாமம் அது. கிளாமத்தின் கிளையாறுகளான சாஸ்டாவிலும் ஸ்காட்டிலும் இளவேனில் மீன் மறைந்து நெடுநாளாகிறது. அங்கே பிடித்த குஞ்சுகளில் முந்தி வரும் வடிவம் ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குக் குறைந்திருந்தது. மேல் கிளாமத்தில், அணைகளுக்கு அப்பால் உள்ள தொல்லியல் இடங்களில் கிடைத்த பழைய சால்மன் எலும்புகளையும் சோதித்தார்கள். அணை என்ற பேச்சே இல்லாத காலத்து மீன்களின் எலும்புகள் அவை. அவற்றில் இளவேனில் வடிவம் இருந்தது. அதாவது மேல் ஆற்றில் இருந்தது எந்த மீன் என்று கிளாமத் பழங்குடியினர் தலைமுறைகளாகச் சொல்லிவந்ததற்கு எலும்பு சாட்சி சொன்னது.

2017-இல் கரூக் பழங்குடியினரும் சால்மன் ஆற்று மீட்புக் குழுவினரும் புதிய மனு கொடுத்தார்கள். கலிபோர்னியா மாநிலம் 2021-இல் மேல் கிளாமத்–டிரினிட்டி இளவேனில் சினூக்கைத் தன் சட்டப்படி அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அறிவியலர்களுக்குள் விவாதம் முடிந்துவிடவில்லை. ஒரே ஒரு மரபணுப் பகுதிக்காக ஒரு பிரிவை உருவாக்கலாமா, நாளைக்கு இன்னொரு மரபணுவுக்கும் கேட்பார்களே என்கிறார்கள் சிலர். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனாலும் என் முடிவு மனு கொடுத்தவர்கள் பக்கம். சராசரி வேறுபாடு எவ்வளவு சிறிதாக இருந்தாலும், மேல் ஆற்றை எட்டும் திறன் அந்தச் சிறு பகுதியில்தான் இருக்கிறது. அது போனால் ஆற்றின் பாதி வெறுமையாகும்.

இனி அணைகளின் கதைக்குத் திரும்புவோம். 2002 செப்டம்பரில் கிளாமத்தின் கீழ்ப்பகுதியில் நீர் குறைந்து, சூடேறி, செவுள் நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் இறந்தன. அந்தக் காட்சியைக் கண்ட யூரோக் இளைஞர்கள்தாம் பின்னர் அணை நீக்கும் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். 2023-இல் அணைகளை அகற்றும் வேலை தொடங்கியது. 2024 இலையுதிர்காலத்துக்குள் நான்கு அணைகளும் போய்விட்டன. அந்த அக்டோபரிலேயே ஓரிகனின் ஸ்பென்சர் ஓடையில் ஒரு சினூக்கைக் கண்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கடலிலிருந்து அங்கே வந்த முதல் மீன். செய்தியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் வந்தது இலையுதிர்கால மீன். இளவேனில் மீனுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது. ஏறுவதற்கு ஆள்தான் குறைவு. கிளாமத்தின் இன்னொரு கிளையான சால்மன் ஆற்றில் ஒவ்வொரு கோடையிலும் பழங்குடியினரும் தொண்டர்களும் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மடு மடுவாக நீந்தி மீனை எண்ணுகிறார்கள். சில ஆண்டுகளில் ஆறு முழுவதற்கும் கிடைத்த எண்ணிக்கை இருநூறைக்கூடத் தொடவில்லை.

இனி பொரிப்பகங்களைப் பற்றி. மீன் குறைந்தால் குஞ்சு பொரித்து விட்டால் போயிற்று என்னும் எண்ணம் 1870-களிலிருந்தே அமெரிக்காவில் வேரூன்றியது. பொரிப்பகத்தில் பெண் மீனின் வயிற்றைக் கீறி முட்டைகளை வாளியில் எடுக்கிறார்கள். ஆணின் விந்துநீரைப் பீய்ச்சிக் கலக்கிறார்கள். யார் யாரோடு கூடுவது என்பதை மீன் தீர்மானிப்பதில்லை. காட்டில் இறந்திருக்க வேண்டிய முட்டைகளும் இங்கே பிழைக்கின்றன. மேலிருந்து விழும் உருண்டைத் தீவனத்துக்குப் பாய்ந்து வரும் குஞ்சு நன்றாக வளர்கிறது. காட்டு ஓடையில் அப்படி மேலே பாய்ந்தால் மீன்கொத்திக்கு இரையாகும்.

ஓரிகனின் ஹூட் ஆற்றில் இருந்த ஓர் அணையில், மேலே போகும் ஒவ்வொரு ஸ்டீல்ஹெட்டையும் நிறுத்திச் செதில் எடுத்து வைத்திருந்தார்கள். பின்னர் மைக்கேல் பிளோயினும் ஹிட்டோஷி அராக்கியும் அந்தச் செதில்களிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, எந்த மீனுக்கு எது தாய், எது தந்தை என்று தலைமுறைகளாக வம்சாவளி போட்டார்கள். 2007-இல் வந்த முடிவு இது: பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டில் சந்ததி பெறும் திறன் சுமார் 40 விழுக்காடு குறைகிறது. நன்மை செய்வதாக நினைத்து விட்ட குஞ்சுகள் காட்டு மீனோடு கூடி அந்தக் குறையையும் கலந்துவிடுகின்றன.

பொரிப்பகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குச் சாக்கை சால்மன் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் ஏறி, எட்டு அணைகளைத் தாண்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக்கு வரவேண்டும். 1992-இல் ஒரே ஓர் ஆண் மீன் வந்தது. 1991 முதல் 1998 வரை மொத்தமே 16. வந்தவற்றைப் பிடித்து, விந்தை உறைய வைத்து, உறவுமுறை பார்த்து, நெருங்கிய சொந்தங்கள் கூடாமல் இணை சேர்த்துத்தான் அந்தக் கால்வழியை நிறுத்தியிருக்கிறார்கள். அது உயிர்காக்கும் சிகிச்சை. அதையே தினசரி உணவாக ஆக்கியதுதான் மற்ற ஆறுகளில் நடந்த பிழை.

எதுவும் செய்யாமல் விட்டுவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடா இருக்கிறது. அணை இல்லை, பொரிப்பகத்தை நம்பிய மீன்பிடிப்பும் இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான சாக்கை சால்மன் கால்வழிகள். ஏரிக்கரையில் முட்டையிடும் கூட்டத்தின் ஆண்கள் முதுகு உயர்ந்து பருத்திருக்கும். கரடிகள் காத்திருக்கும் கணுக்கால் அளவு ஓடைகளில் முட்டையிடுபவை ஒல்லியாக இருக்கும். ஓர் ஆண்டு ஒரு கூட்டத்துக்குக் கெட்டதாக இருந்தால் இன்னொன்றுக்கு நல்லதாக இருக்கிறது. டேனியல் ஷிண்ட்லரும் கூட்டாளிகளும் 2010-இல் கணக்கிட்டார்கள்: இவை அனைத்தும் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் ஆண்டுக்கு ஆண்டு வரத்தின் ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு கூடியிருக்கும். மீன்பிடிப்பை மூடவேண்டிய ஆண்டுகள் பத்து மடங்காகியிருக்கும். வேறுபாடு என்பது அங்கே மீனவர் வீட்டு வருமானம். அந்த நீர்ப்பிடிப்பில் திட்டமிட்டிருந்த பெப்பிள் சுரங்கத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் தடை போட்டது சரியான செயல்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று நான் சொன்ன கண்டுபிடிப்புகளைத் திரும்பிப் பாருங்கள். கிளாமத்தின் எலும்புகளை அகழ்ந்தவர்களுக்கு கிரெப்1எல் தெரியாது. ஹூட் ஆற்றில் செதில் உரித்தவர்கள் முதலில் பார்க்க நினைத்தது மீனின் வயதை. பின்லாந்துக்கும் நார்வேக்கும் எல்லையாக ஓடும் தேனோ ஆற்றில் மீனவர்கள் பல பத்தாண்டுகளாகக் கொடுத்த செதில்களைக் கொண்டுதான், அட்லாண்டிக் சால்மன் எந்த வயதில் திரும்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும் ஒரு மரபணு அங்கே எப்படி மாறிவந்தது என்று அண்மையில் கண்டார்கள். எடுத்து வைத்தவர் ஒருவர். கேள்வி கேட்டவர் வேறொரு தலைமுறையினர்.

நம் ஆறுகளில் களப்பணிக்குப் போகும்போது, பிடிபடும் ஒவ்வொரு நாட்டு மீனின் துடுப்பிலிருந்தும் நகக்கண் அளவு ஒரு துண்டை வெட்டி, எத்தனால் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். மீனை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். இனத்தின் பெயர், இடம், நாள் மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே சீட்டாகப் போடுங்கள். மை எத்தனாலில் கரைந்துவிடும். துறைத்தலைவர் அவர்கள் அதற்கு ஒரு குளிர்பதனப் பெட்டியும், மின்தடையின்போது ஓட ஒரு மாற்று ஏற்பாடும் ஒதுக்கித் தரவேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.